மூன்றாம் வீட்டுப் புகை

எண்பத்தொரு சதவீதம். மறுபடியும் அங்கேயே நின்றுவிட்டது.

கேஷானி லெப்டொப்பை முறைத்தாள். வரைந்ததை வீடியோவாக மாற்றப் பார்ப்பது காலையிலிருந்து இது ஏழாவது தடவை. படத்தின் அளவைக் குறைத்தாள், ஃபோர்மட்டை மாற்றினாள், மெஷினை அணைத்துப் போட்டாள். சண்டி மாடுகூட இரண்டு அடி வாங்கினால் நகரும். இது நகர்வதாக இல்லை.

ஐந்து மணிக்கு மாதா கோயில் மண்டபத்தில் நினைவு ஜெபம். மீரியபெத்தயில் மண்சரிவு மூடிய லயத்தை, அந்தத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளை, மூடுவதற்கு முன் இருந்தபடியே இரண்டு நிமிடக் கார்ட்டூனாகக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். கேஷானியின் அம்மா போனது அந்த மண்ணுக்குள்தான். பக்கத்து வீட்டுப் பாக்கியநாதன் மாமாவின் மனைவி அந்தோனியம்மா போனதும் அங்கேதான். மாமா தினமும் வந்து தன் வீட்டு நீலக் கதவு வரைந்தாயிற்றா என்று கேட்பார். "இன்னொருக்கா பார்த்துட்டா போதும் புள்ள" என்பார்.

பதுளையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஜோன்சனுக்குப் போன் போட்டாள்.

"எத்தனை லேயர் வச்சிருக்க?" என்றான்.

"நாப்பத்தி மூணு."

"விடியக்காலம், பனி, சாத்துன கதவு. இதுக்கு எதுக்கு நாப்பத்தி மூணு?"

"வீட்டுக்குள்ள ஆளுங்க இருக்காங்கல்ல. ஆளுக்கு ஒன்னு."

ஜோன்சன் விடவில்லை. "கதவு சாத்தியிருக்கு, யாரு பார்க்கப் போறா? கண்ணுக்குத் தெரியாததையும் மெஷின் வரைஞ்சு பார்க்கும். அதான் மூச்சு முட்டுது. அவங்களை எடுத்துரு."

ஆளில்லாத வீட்டை வரைய அவளுக்குக் கை வரவில்லை, அதுதான் குற்றம். தூங்கும் பிள்ளைகளையும் அடுப்பு மூட்டும் பெண்களையும் ஆசை ஆசையாக வரைந்திருந்தாள். அவர்கள் அடுப்பை ஊதும்போது எழும்பட்டும் என்று கூரைப் புகையை அவர்களோடேயே இணைத்தும் வைத்திருந்தாள்.

ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்தது. திரையிலும் பனி. இதில் எது எந்தக் காலத்துப் பனி என்று பிடிபடவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணி பேர் கூப்பிடுவதுபோல் ஒவ்வொரு பேராக மெல்லச் சொல்லிச் சொல்லி அழித்தாள். அம்மாவின் பேரில் விரல் நின்றது. ஒருத்தி இருந்தால் குடியா முழுகிவிடும்? விட்டுவிட்டாள்.

நூறு சதவீதம். போட்டுப் பார்க்க நேரமில்லை, பென்ட்ரைவை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மண்டபச் சுவரில் லயம் மெல்ல விடிந்தது. பனிக்குள்ளிருந்து நீலக் கதவு வந்தது. அம்மா இருந்த மூன்றாம் வீட்டுக் கூரையில் மட்டும் புகை எழுந்தது. மற்றக் கூரைகள் வெறுமனே கிடந்தன. அழித்த பெண்களோடு அவர்களுடைய புகையும் போய்விட்டது என்பது கேஷானிக்கு அப்போதுதான் உறைத்தது. ஊர் அடுப்பையெல்லாம் அணைத்துவிட்டு என் அம்மாவை மட்டும் வைத்துக்கொண்டேனே என்று உடம்பு கூசியது.

பாக்கியநாதன் மாமா எழுந்து சுவருக்குக் கிட்டப் போனார்.

"எங்க வீட்டுல ஏன் புள்ள புகை இல்ல?"

அவள் அவர் பக்கத்தில் போய் நின்றாள். "அத்தை இன்னும் எந்திரிக்கல மாமா."

அவர் நீலக் கதவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமா, அவ என்னைக்கு நேரத்துக்கு எந்திரிச்சா," என்றார். "தூங்கட்டும்."