தாய் அட்டை

தொடங்கும்போதே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஸ்டீவ் தன் மனைவியிடம் அந்தப் பச்சை அட்டையைக் கேட்டு வாங்கியது காலையிலா, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகா என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது. ஜெசிகாவே ஒருமுறை ஒரு மாதிரியும் இன்னொரு முறை வேறு மாதிரியும் சொல்லியிருக்கிறாள். குழந்தைகள் பிறந்த ஆறாம் நாள் என்பது மட்டும் சரி. அது எழுத்தில் இருக்கிறது.

இரட்டைக் குழந்தைகள். ஏழாம் மாதத் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டன. பையன் தொள்ளாயிரம் கிராம், பெண் அதற்கும் குறைவு. அடையாற்றில் ஓர் ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் ஐம்பத்தெட்டு நாள் இருந்தன. அப்பா, அம்மா தவிர வேறு யாரையும் அங்கே விடமாட்டார்கள். அப்பாவுக்கு நீல அட்டை, அம்மாவுக்குப் பச்சை. பெட்டிகளின் மேல் 'ஜெசிகா குழந்தை 1', 'ஜெசிகா குழந்தை 2' என்று ஒட்டியிருந்தது.

பேர்களை ஜெசிகா நாலாம் மாதமே முடிவு செய்திருந்தாள். ஒருவரிடமும் சொல்லவில்லை. பங்குக் கோயிலில் ஞானஸ்நானத்தன்று, சாமியார் தண்ணீர் ஊற்றும் நேரத்தில்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சொல்வது என்று வைத்திருந்தாள். அதற்கு முன்னால் சொல்லப் பயம். பேர் வைத்துவிட்டால் பேர் சொல்லி அழ வேண்டி வருமோ என்ற பயம். அதனால் அவளுக்குப் பையன் ஒண்ணு, பெண் ரெண்டு. "ஒண்ணு இன்னிக்கு முப்பது கிராம் ஏறியிருக்கு" என்பாள். ஸ்டீவ் தலையாட்டுவான்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இரண்டாவது மாடியில் அவர்கள் வீடு. குழந்தைகளைக் கொண்டுவந்த முதல் வாரம் ஜெசிகாவுக்குத் தூக்கமே இல்லை. ஆஸ்பத்திரியில் மெஷின்கள் சத்தம் போட்டு, மூச்சு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தன. இங்கே சொல்ல ஆளில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்துபோய் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள்.

"நல்லாத்தான் இருக்காங்க, ஜெசி. நான் சொல்றேன்ல? படு."

ஸ்டீவ் சொன்னால் அவளால் கண்ணை மூட முடிந்தது. அந்த வீட்டில் அவள் தூங்கிய தூக்கமெல்லாம் அந்த ஒரு வார்த்தையை நம்பித் தூங்கியதுதான்.

குழந்தைகளுக்கு வெள்ளை உடுப்பு வாங்க அவளைப் பாண்டி பஜாருக்குக் கூட்டிப்போனது ஸ்டீவின் அக்கா ஐவி. பள்ளிக்கூட டீச்சர், எதையும் முறைப்படி செய்கிறவள். கடைக்காரப் பெண் எடுத்துப் போட்ட ஆகச் சின்ன கவுனுக்குள் பெண்குழந்தை மாதிரி இரண்டு பேரைப் போடலாம்.

"பொம்மைக் கடையிலதான் போய்க் கேக்கணும் போல" என்றாள் ஐவி. ஜெசிகா பிரசவத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "அண்ணி, ரெண்டுக்கும் ஞானத்தாயா நீங்களே நில்லுங்களேன்" என்றாள்.

ஐவி கவுனை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். "அதெல்லாம் பாத்துக்கலாம்."

கோயிலில் தேதி குறிக்க ஸ்டீவ் இன்றைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்று மூன்று வாரம் ஓட்டினான். ஒரு சனிக்கிழமை ஜெசிகா தானே போனாள். பங்கு அலுவலகத்தில் கணக்குப்பிள்ளை லாசர் இருந்தார், குப்பத்து மனிதர்.

"ரெட்டைப் பிள்ளைங்கண்ணே. ஞானஸ்நானத்துக்குத் தேதி வேணும். அப்பா பேரு ஸ்டீவ்."

"ஐவி டீச்சரு தம்பியா? அந்தக் கொழந்தைங்களுக்குத்தான் ஆயிடுச்சேம்மா. டீச்சரே வந்து எழுதிட்டுப் போனாங்க. இன்னும் இன்னா தேதி?"

"எங்க பிள்ளைங்க இல்லண்ணே அது."

லாசர் பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். விக்டர். மரியா. தாய் ஜெசிகா. ஆபத்து நேர ஞானஸ்நானம். கொடுத்தவர் ஐவி. சாட்சி ஸ்வர்ணலதா, நர்ஸ். தேதி, பிறந்த ஆறாம் நாள்.

"சாவுக் கெடையில கீற கொழந்தைக்கு யாரு வேணா தண்ணி ஊத்தலாம்மா. ஊத்துனா ஊத்துனதுதான், மறுபடியும் ஊத்தக்கூடாது. எண்ணெய் பூசுறது, மெழுகுவத்தி, வெள்ளைத்துணி, அது வேணா கோயில்ல வச்சிக்கலாம்." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா? ஒக்காரும்மா."

அவள் உட்காரவில்லை. வீட்டுக்கு நடந்தே வந்தாள். ஸ்டீவோடு ஐவியும் அங்கே இருந்தாள். வெளியே போய் வந்தால் முழங்கை வரை சோப்புப் போட்டு இரண்டு நிமிஷம் கழுவ வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். ஜெசிகா கழுவினாள். துடைத்தாள். பிறகு கேட்டாள்.

"ஆறாம் நாள் என் அட்டையை எதுக்கு வாங்கின?"

ஸ்டீவ் அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"சீல் வைக்கணும்னு சொன்ன. மேல இன்ஃபெக்‌ஷன், இன்னிக்கு யாரையும் விடலைன்னு சொன்ன."

"அன்னிக்கு உனக்கு பிபி நூத்தி எண்பது, ஜெசி."

"அதை வச்சிக்கிட்டு உள்ள யார் போனா?"

"நான்தான்" என்றாள் ஐவி. "மாஸ்க், தொப்பி எல்லாம் போட்டா யார் முகம் தெரியுது? அந்த நர்ஸ் பொண்ணுக்கு மட்டும் தெரியும். அதுதான் சிரிஞ்சுல தண்ணி எடுத்துக் குடுத்துச்சு. ரெண்டுக்கும் ரத்தத்துல கிருமி ஏறிடுச்சும்மா. ஞானஸ்நானம் இல்லாம போயிடக் கூடாதுன்னு..."

"டாக்டர் என்ன சொன்னார்?"

ஸ்டீவ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அம்மாவைக் கூட்டிட்டு வந்து காட்டிடுங்கன்னார்."

"நீ அக்காவைக் கூட்டிட்டுப் போன."

"உன்னையும் இழந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி வார்டில் உட்கார்ந்து எட்டு முறை பால் பீய்ச்சிக் கொடுத்திருந்தாள். எட்டு முறையும் அவன்தான் புட்டியை வாங்கிக்கொண்டு மேலே போனான். 'குடிச்சாங்களா?' என்று கேட்டபோதெல்லாம், நல்லாத்தான் இருக்காங்க என்றான். தண்ணீர் ஊற்றியதில் அவளுக்குக் கோபமில்லை. சொல்லியிருந்தால் சக்கர நாற்காலியில் போயாவது அவளே ஊற்றியிருப்பாள்.

"செத்திருந்தா எனக்கு எப்போ சொல்லியிருப்ப?"

உள்ளே ரெண்டு விக்கியது. "மரியாம்மா" என்று எழுந்த ஐவி பாதியில் நின்றாள். அந்தப் பேர் அவள் வாய்க்கு நன்றாகப் பழகியிருந்தது.

ஜெசிகா போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

மிச்சச் சடங்கு ஆகஸ்டில் கோயிலில் நடந்தது. அப்போதும் கவுன் பெரிதாகத்தான் இருந்தது. மாநகராட்சிப் பிறப்புச் சான்றிதழில் ஜெசிகா தனியாகப் போய், தான் நாலாம் மாதமே வைத்திருந்த பேர்களை, கிஷோர், ஆஷா என்று சேர்த்தாள். இப்போது குழந்தைகளுக்கு மூன்று வயது. கிஷோர் கண்ணாடி போட்டிருக்கிறான், ஆஷா தாமதமாக நடந்தாலும் நன்றாக ஓடுகிறாள். ஐவி ஆதம்பாக்கத்துக்குக் குடிபோய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஜெசிகா காபி கொடுக்கிறாள். ஸ்வர்ணலதா அதே நாலாவது மாடியில் வேலை பார்க்கிறாள். லாசர் ஓய்வு பெற்றுவிட்டார். ஸ்டீவும் ஜெசிகாவும் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். டாக்டரிடம் குழந்தைகளை அவள் மட்டும் கூட்டிப்போகிறாள். நல்லாத்தான் இருக்காங்க என்று அவன் சொன்னால், எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறாள்.