ஒட்டியிருந்த பக்கத்தை வாசித்தவள்

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளியின் ஆண்டு மலருக்கு 'மூன்றாம் வகுப்பு: பெற்றோர் என்ன எதிர்பார்க்கலாம்?' என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லையே என்றேன். "ரொம்ப நல்லது, பதறாம எழுதுவீங்க" என்றார்கள்.

பதறாமல்தான் தொடங்கினேன். பெருக்கல் வாய்பாடு வரும். பாடப் புத்தகத்தில் படங்கள் குறையும், எழுத்து சிறுக்கும். அதுவரை வாசிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளை இனிமேல் கற்றுக்கொள்வதற்காக வாசிக்க வேண்டியிருக்கும். உயிர்த்தோழிகள் அடிக்கடி மாறுவார்கள். பிள்ளை உங்களிடம் சிலவற்றை மறைக்கத் தொடங்கும். அதற்காகப் பெற்றோர் அதிர்ச்சி அடையத்

(அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. 'தேவையில்லை' என்று முடிக்கவிருந்தேன்.)

நிறுத்தியது ஒரு பல்வலி. மருத்துவமனை வரவேற்பறையில் என் பக்கத்தில் கன்னத்தைப் பிடித்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். அந்தக் குரலை நானே எத்தனையோ முறை கேட்டு நடைமேடை மாறியிருக்கிறேன். மகள் மூன்றாம் வகுப்பு என்றதும், கட்டுரைக்கு ஆயிற்று என்று கேட்டுவைத்தேன். "மூணாம் வகுப்புல என்னங்க எதிர்பார்க்கலாம்?"

அவர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். "எதையும் எதிர்பார்க்காதீங்க" என்றார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். உள்ளே கூப்பிட்டபோது தனக்குப் பின்னால் இருந்தவரை அனுப்பிவிட்டுச் சொன்னார்.

அவர் சொன்னது பாதி, என் கைச்சரக்கு பாதி. எது எவருடையது என்று கேட்காதீர்கள். (நேரில் 'அவர்', இனி 'அவள்'. கதைக்குள் வந்துவிட்டால் எல்லோருக்குமே மரியாதை கொஞ்சம் குறைந்துவிடுகிறது.)

2

அன்று மாலை மழை

(வேண்டாம். மழையை உள்ளே விட்டால் எல்லோரும் சன்னலோரம் போய் நின்றுகொள்வார்கள்.)

தாய்மை என்பது

(இதற்கு மழையே தேவலை.)

விடுமுறை நாள். அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். கீழே தரையில் குப்புறப் படுத்து மகள் அறிவியல் பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு வீட்டில் தும்பி என்று பெயர், ஓரிடத்தில் நிற்கமாட்டாள். ஆனால் வாசிக்கும்போது மட்டும் அப்படியே அம்மா. முக்கியமான சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி, வாக்கியத்தின் முடிவில் ஒரு இறக்கம். வண்டி எண் சொல்வதுபோல இருக்கும்.

"கூட்டில் ஒரே ஒரு... ராணித் தேனீதான் இருக்கும். வேலைக்காரத் தேனீக்கள் அதற்கு உணவு ஊட்டும்."

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. முந்தின வாரம் அவளே மகளுக்கு வாசித்துக்காட்டிய பாடம் அது. ஒரு பாவாடையை மடித்து முடித்துவிட்டுத் தலையை நீட்டிப் புத்தகத்தை எட்டிப் பார்த்தாள்.

புத்தகத்தில் தேனீ இல்லை.

கறையான் புற்றைப் பற்றிய பக்கம் அது. ஏதோ பசை கொட்டி, தேனீ இருந்த தாளும் அதற்கு முந்தின தாளும் ஒன்றாக ஒட்டியிருந்தன. தும்பி கறையான் பக்கத்தில் விரலை வரிவரியாக நகர்த்திக்கொண்டு, உள்ளே மூடிக்கிடந்த தேனீயைப் பிசகில்லாமல் வாசித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வகுப்புப் புத்தகமாக இருந்தால் படத்தைப் பார்த்துச் சுதாரித்திருப்பாள். இதில் படம் இல்லை.

"தும்பி, இங்க என்ன எழுதியிருக்கு?" அவள் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தாள். 'மண்' என்ற சொல்.

தும்பி சொல்லைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ சொல்லும்மா, நான் திருப்பிச் சொல்றேன்."

"நீயே பார்த்துச் சொல்லு."

"தேனீ?"

அம்மா வாய் திறந்தாள், குரல் வரவில்லை. இத்தனை வருடத்தில் சளி பிடித்த நாளில்கூட அவளைக் கைவிடாத குரல்.

"இது?" "இது?" "இது?" என்று விரல் தாவியது. கடைசியில் தும்பி புத்தகத்தை மூடி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"கேக்காதம்மா" என்றாள். "எழுத்து நிக்கவே மாட்டேங்குது."

3

மறுநாள் வேலையில், மூன்றாவது நடைமேடைக்கு வரவேண்டிய வண்டியை ஐந்தாவதுக்குக் கூப்பிட்டுவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெட்டியும் பிள்ளையுமாக ஒரு கூட்டம் படியேறி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் குரலைக் கேட்டால் ஜனங்கள் யோசிக்காமல் ஓடுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. நிலைய அதிகாரி வந்து திட்டியபோது, "என் பொண்ணுக்குப் படிக்கத் தெரியல சார்" என்றாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அவள் பள்ளிக்குப் போனாள்.

டீச்சர் முதலில் சிரித்தார். "யாரு, தும்பியா? என் வகுப்புலயே சத்தமா, தெளிவா வாசிக்கிறது அவதாங்க. பெற்றோர் விழாவுல வாசிக்கக்கூட அவளைத்தான் போட்டிருக்கேன்."

"புதுசா ஏதாவது வாசிக்கச் சொல்லியிருக்கீங்களா டீச்சர்? வேற யாரும் வாசிக்காத ஒன்னை?"

டீச்சரின் சிரிப்பு மெல்ல அணைந்தது. "எப்பவும் கடைசியாத்தான் வாசிப்பா" என்றார். "'எல்லாரும் முடிக்கட்டும் டீச்சர், நான் அப்புறம்'னு விட்டுக்கொடுப்பா. எவ்வளவு நல்ல குணம்னு நானே..." நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பக்கத்துல ஒரு கண்ணாடிக்காரப் பொண்ணு இருப்பா, காதுல ஓதிக்கிட்டே இருப்பா. ரெண்டும் வம்பு பேசுதுன்னு இந்த வருஷம் பிரிச்சு உட்காரவெச்சுட்டேன்."

(இந்த டீச்சரை முதல் வரைவில் பொல்லாதவராக எழுதியிருந்தேன். எங்கேயாவது பழியைப் போட்டால் கதை நிம்மதியாக நடக்கும். ஆனால் அவர் உட்கார்ந்த விதத்தைப் பல்வலிக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தபோது பழிபோட முடியவில்லை.)

இது மந்தம் இல்லை, சில பிள்ளைகளுக்கு எழுத்து இப்படித்தான் ஆடும், வேறு வழியில் கற்றுக்கொடுக்கலாம், அதற்கென்றே பயிற்சி டீச்சர் ஒருவர் வருகிறார் என்றெல்லாம் டீச்சர் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். அவள் மனத்தில் ஓடியது ஒன்றுதான். இரண்டு வருடமாக ராத்திரிதோறும் கதை வாசித்தது நானல்லவா? பக்கத்திலேயே படுத்திருந்தேனே?

4

கணவர் குழாய் வேலை செய்பவர். கைகழுவி வந்து சாப்பிட உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அதிர்ச்சி இல்லை. ஒரு 'அப்படியா' கூட இல்லை.

"என்னங்க, கல்லு மாதிரி இருக்கீங்க?"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"போன வருஷமே கண்டுபிடிச்சேன். சினிமா போஸ்டரைக் காட்டி என்ன எழுதியிருக்குன்னு கேட்டேன். படத்தைப் பார்த்து ஏதோ சொன்னா. நானும் அப்படித்தான் சொல்வேன்."

"நீங்களும்னா?"

அவர் தட்டில் விரலால் ஏதோ கோலம் போட்டார்.

அவளுக்குள் ஒவ்வொன்றாகச் சரிந்தது. ஹோட்டலில் எப்போதும் "நீ சொல்றதே எனக்கும்." மருந்து அட்டையை நீட்டி "கண்ணு கூசுது, பாரேன்." கல்யாணப் பத்திரிகை வந்தால் "யாரு வீட்டுது, படி கேப்போம்." போனில் அவள் எழுதி அனுப்பினால் பதில் வராது. "பேசி அனுப்பு, உன் குரலைக் கேக்கணும் போல இருக்கு" என்பார். எத்தனை வருடமாக அந்த ஒரு வரியில் அவள் பூரித்துப்போயிருக்கிறாள்!

"அதுவும் பொய்யா?" என்று கேட்டாள்.

"எது?"

"என் குரலைக் கேக்கணும்னு சொன்னது."

"அது பொய்யில்ல." சோற்றைப் பிசைந்தார். "படிக்கத் தெரியாதுங்கறதும் பொய்யில்ல."

"அவ விஷயத்தையாவது சொல்லியிருக்கலாமே! ஒரு வருஷம் போச்சுங்க!"

"சொன்னா என்னையும் சொல்லணுமே."

(இங்கே பல நாள் எழுதாமல் கிடந்தேன். இந்த மனிதரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு வரைவில் அவள் தட்டை வீசுகிறாள். இன்னொன்றில் அவர் தோளில் சாய்ந்து அழுகிறாள். இரண்டும் எனக்கு வசதியாக இருந்தன, அதனால் அடித்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்: அவள் எழுந்து போய்ச் சமையலறையில் நின்றாள். அவர் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். அன்றைக்குத் தும்பிக்கு யாரும் கதை வாசிக்கவில்லை.)

5

பயிற்சி டீச்சர் ஒரு தட்டில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை எழுதவைத்தார். தும்பிக்கு ரகரமும் துணைக்காலும் ஒன்றேபோலத் தெரிந்தன. 'பார்' என்பது அவளுக்கு வெறும் தூண்களாக நிற்கும் ஒரு கட்டடம்.

கூட்டிக்கொண்டு போனவர் அப்பா. வாசலோடு நின்றவர் பிறகு உள்ளே ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார ஆரம்பித்தார். பயிற்சி டீச்சர் எதுவும் கேட்காமல் அவர் முன்னாலும் ஒரு மணல் தட்டை வைத்தார்.

"அப்பா, அது ந இல்ல, த" என்று திருத்தியதை அன்று மாலை தும்பி அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. கணவரிடம் பேச்சு இன்னும் உப்புக்கும் புளிக்கும் மட்டும்தான். ஆனால் அவருக்கு இப்போது எழுதித்தான் அனுப்பினாள். இரண்டு சொல், மூன்று சொல். 'பால் வாங்கவும்.' தண்டனையா பாடமா என்று அவளுக்கே தெரியாது. பால் வந்தது.

விழா நெருங்கியது. "வேற பிள்ளையைப் போட்டுக்கறேன்" என்று டீச்சர் எவ்வளவோ சொன்னார். தும்பி கேட்கவில்லை. மேடை அவளுடையது, பெயர் போட்டாகிவிட்டது. வீட்டுக்கு வந்து, வாசிக்கவேண்டிய தாளை நீட்டி அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவை நீ வாசிச்சுக் காட்டும்மா. போதும். அப்படியே சொல்லிடுவேன். யாருக்கும் தெரியாது."

சொல்லிவிடுவாள். அது அம்மாவுக்கும் தெரியும்.

"வாசிச்சுக் காட்டேன்" என்றார் கணவர். "சபையில பிள்ளை தலைகுனியணுமா?"

"அவளும் உங்களை மாதிரியே இருக்கணுமா?"

பல நாள்களுக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முழு வாக்கியம் அது.  தும்பி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். புடவையை விட்டாள்.

"சண்டை போடாதீங்க. நானே வாசிக்கிறேன்."

6

முடிவுகள்.

அ) தும்பி கணீரென்று வாசிக்கிறாள், அரங்கமே எழுந்து கைதட்டு

(பொய். சில வார மணல் தட்டுக்கு அவ்வளவு சக்தி கிடையாது.)

ஆ) தும்பி விம்மிக்கொண்டு மேடையை விட்டு ஓட, அப்பா பின்னாலேயே

(அழுகையை எழுதுவது சுலபம். அதனாலேயே வேண்டாம்.)

பல்வலிக்காரர் எனக்கு முடிவைச் சொல்லவில்லை. அந்த இடம் வந்தபோது நர்ஸ் மூன்றாவது முறையாகக் கூப்பிட்டுவிட்டார். வாயில் பஞ்சோடு வெளியே வந்தவரால் பேசமுடியவில்லை. கையை மட்டும் ஒருமாதிரி விரித்துக் காட்டிவிட்டுப் போனார். நல்லதா கெட்டதா, அந்தக் கையிலிருந்து எனக்குப் புரியவில்லை. ஆகவே அவர் விட்ட இடம் வரைக்கும் சொல்கிறேன்.

அரங்கு நிறைந்திருந்தது. அப்பாவும் அம்மாவும் இரண்டாவது வரிசையில், நடுவில் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தார்கள். தும்பி ஒலிவாங்கியின் முன்னால் தாளைப் பிரித்தாள். விரலைத் தாளில் வைத்தாள். அம்மாவின் குரல் அவளிடம் இல்லை. கரகரவென்று வேறொரு குரல், அவளுடையது.

"ஆ... ஆற்... றில்... ஆற்றில். தண்... ணீர். ஆற்றில் தண்ணீர்."

பின்னால் யாரோ இருமினார்கள். யாரோ சிரித்தார்கள். அப்பாவின் உதடுகள் அவளோடு சேர்ந்து எழுத்துக் கூட்டுவதை அம்மா பார்த்தாள். ஒரு வரி முடிந்தது. அடுத்த வரி.

"கரை... யில். ஒரு..."

நின்றது. விரல் அந்தச் சொல்லின் அடியில் போய்ப்போய் வந்தது. தும்பி தலையைத் தூக்கி, இரண்டாவது வரிசையில் அம்மாவின் வாயைப் பார்த்தாள்.

அம்மாவுக்கு அந்தச் சொல் தெரியும். சத்தம்கூட வேண்டாம், உதடு அசைந்தால் போதும், பிடித்துக்கொள்வாள். அசைத்தால் பிள்ளை தப்பித்துவிடும். அசைக்காவிட்டால் அந்தச் சொல் அவளுடையதாகலாம். அல்லது இனி எந்த மேடையிலும் ஏறாமலே போய்விடலாம். டீச்சர் திரையோரத்தில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். கணவர் காலி நாற்காலியைத் தாண்டி அவள் கையைப் பிடித்துவிட்டார். எதற்கென்று அவருக்கும் தெரியாது.

கரையில் ஒரு படகு.

சொல்லை உங்களிடம் கொடுத்துவிட்டேன். இப்போது அது உங்கள் வாயில் இருக்கிறது. தும்பி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.