அலசாத தொட்டி

தக்காளிக்காரரின் பசுமைக்குடிலில் இருந்த கிருமிகள் செம்பு மருந்தைக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டன. இடது காது அவருக்குக் கொஞ்சம் மந்தம். வலது காதால் கேட்டாராம்.

இலையெல்லாம் கரும்புள்ளி. சாயங்காலத்துக்குள் வழி பிறக்காவிட்டால் நாற்று மொத்தத்தையும் பிடுங்கிக் கொளுத்திவிடுவது என்று மனைவி முடிவு கட்டிவிட்டாள். தீப்பெட்டி காலையிலிருந்தே அவள் கையில்தான்.

ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் கொழுந்தியாள் நுண்ணோக்கியோடு வந்திறங்கினாள். குடிலைச் சுற்றிவந்தவள் கடைசி வரிசையில் நின்றுவிட்டாள்.

"அத்தான், இது மட்டும் எப்படி புள்ளி இல்லாம நிக்குது? என்ன அடிச்சீங்க?"

"எல்லாத்துக்கும் அடிச்ச அதே செம்புதான்."

"இலை ஓரம் லேசா கருகியிருக்கே?"

அவர் கூரையை ஆராய ஆரம்பித்தார். சொட்டுநீர்க் குழாயில் பாசி அடைத்தால் பெராக்சைடு விட்டுக் கழுவுவார்கள். கழுவியதும் தொட்டியை அலச வேண்டும் என்பது மனைவி போட்ட சட்டம். கடைசி வரிசைக்கு அடித்த அன்று சோம்பல்பட்டு, தொட்டியில் மிச்சமிருந்த பெராக்சைடிலேயே செம்பைக் கரைத்துவிட்டார்.

"சொல்லுங்க அத்தான். சொன்னா நாத்து பிழைக்கும்."

"நாத்து பிழைக்கும். நான்?"

தீப்பெட்டி குலுங்கியது. சொல்லிவிட்டார்.

"அக்கா, திட்டறதை அப்புறம் வெச்சுக்கோ," என்று கொழுந்தியாள் இரண்டு கண்ணாடித் தகடுகளில் கிருமிகளை வைத்து, சாயம் விட்டாள். "கிருமி உள்ளே வெந்தா இந்தச் சாயம் பச்சையா ஒளிரும்."

வெறும் செம்பு விட்ட தகட்டில் ஒரே இருட்டு. "செம்பை வெளியே தள்ளிவிட்டுட்டு ஜாலியா நீந்துதுங்க. இப்ப இதைப் பாருங்க."

செம்போடு பெராக்சைடு சேர்ந்த தகடு. அத்தான் குனிந்தார். இருட்டில் ஒரு பொட்டு மினுங்கியது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு, மலைமேலிருந்து பார்க்கும் ஊரில் விளக்கேறுவதுபோல் கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சை. ஒவ்வொரு விளக்கும் ஓர் உயிர்; ஒவ்வொன்றும் நீந்துவதை நிறுத்தியது.

"செம்பு பெராக்சைடை உடைக்குது. உடைஞ்ச துண்டு தொட்டதையெல்லாம் கடிக்கும். மேல்தோல், புரதம், மரபணு, எதையும் விடாது. இரும்புல ஏற வேண்டிய துரு உயிருக்குள்ளயே ஏறுது அத்தான்."

அளந்துவிடுவதில் பேர்போனவர், கூட்டிச் சொல்ல ஒன்றும் கிடைக்காமல் மறுபடி குனிந்து பார்த்தார்.

"தள்ளுங்க." மனைவி குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை.

"அளவா கலந்து அடிச்சா புதுசா வர்ற இலையெல்லாம் தப்பிச்சிடும்க்கா. கூடிட்டா இலையும் வெந்துடும்."

கண்ணை எடுக்காமலே மனைவி தீப்பெட்டியைப் பின்னால் நீட்டினாள். "அடுப்பு மேடையில வெச்சிட்டு வாங்க."

போகிற வழியில் அவர் கடைசி வரிசையில் நின்று, ஓர் இலையருகே வலது காதை வைத்தார்.

ஏப்பச் சத்தமே இல்லை.