செல்லாயியின் கேஸ்

உத்திரமேரூருக்கு முகாம் வந்திருந்த மருத்துவ மாணவர்களிடம், பாடம் நடத்தப்போவதில்லை என்றார் பேராசிரியர் அருள்தாஸ். நோயாளியின் கதையை மட்டும் சொல்வார். கேள்வி கேட்டு நோயை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் புதுமுறைக்காகக் கல்லூரியில் வருஷக்கணக்கில் அவர் மல்லுக்கட்டியதே இந்த ஒரு நாளுக்காகத்தான். முன்வரிசையில், அவரே வருந்தி அழைத்துவந்த உள்ளூர் டாக்டர் திருவேங்கடம் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தார்.

"கூலிக்காரப் பொம்பள. விடிகாலையில வயித்துவலி. கண்ணு சொருகுது, பேச்சு குளறுது. டாக்டர் கிளினிக் படியேற விடல. 'சாராயம் குடிச்சிட்டு வந்துகீது, இட்டுக்கினு போ'ன்னு துரத்திட்டார். மத்தியானம் செத்துட்டா."

செத்தது தன்னைப் பெற்ற செல்லாயி என்று அருள்தாஸ் சொல்லவில்லை.

"ராத்திரி எங்க படுத்திருந்தாங்க, சார்?" என்றாள் ஒரு மாணவி.

"நெல்லுக்குக் காவலா, களத்துல. வெறுந்தரையில."

"அப்போ கட்டுவிரியன் கடி சார்! கடிவாய்கூடத் தெரியாது. இந்த ஒரு கேள்வி கேட்டிருந்தா பொழைச்சிருப்பாங்களே. யாரு சார் அந்த டாக்டர்?"

திருவேங்கடத்தின் கை மாலையைக் கழற்றப் போனது.

"இந்த முறையில வாத்தியார் விடை சொல்லக்கூடாதும்மா" என்ற அருள்தாஸ், முன்வரிசைக்கு நடந்துபோய் சாக்பீஸை நீட்டினார்.

"போர்டுல பேரை எழுதுங்க, டாக்டர்."