உதட்டில் ஒரு நூல்

...அப்படியானால் உதட்டுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை, விரல் மரத்துப் போச்சு, உள்ளங்கை பாதி மரத்துப் போச்சு, மணிக்கட்டில் யாராவது ஊசி குத்தினாலும் அடுத்த வீட்டுக்காரனைக் குத்தின மாதிரி உட்கார்ந்திருப்பார், உதட்டில் மட்டும் ஈ உட்காரக் கூடாது, உடனே துடிக்கும், உடம்பு எந்தக் கணக்கில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றை விட்டுவைக்கிறது என்று டெல்சி நினைத்துக்கொண்டிருந்தாள், நினைத்தபடியே அப்பாவின் வாயைப் பார்த்தாள். ஜான் பீட்டர் படகின் குறுக்குப் பலகையில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தையல் நூலை இரண்டு உதடுகளுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். நூலின் மறுநுனி தூண்டிலின் நைலான் தங்கூசியில் முடிச்சிட்டிருந்தது, தங்கூசி படகின் விளிம்பைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கி, எங்கேயோ கீழே இருட்டில் இரைக்குக் கோத்த ஒரு சாளைமீன் துண்டோடு தொங்கிக்கொண்டிருந்தது. இழுப்பது டெல்சியின் வேலை, கையில் தடித்த உறை போட்டிருந்தாள். கடிப்பதைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. அவர் கை இரண்டும் மடியில் கிடந்தது, அதைக் கயிற்றுப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பது ஒப்பந்தம். கொளச்சல் பக்கத்தில் பேர் எடுத்த தூண்டில்காரருக்கு மகள் போட்ட ஒப்பந்தம், எப்படி இருக்கும்? காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே, "தையக்காரன் மாதிரி நூலக் கடிச்சிட்டு இரிக்கணுமா மக்ளே, பாக்கவன் சிரிப்பான்லா" என்றார். சிரிக்கட்டுமே, கடலுக்கு நடுவில் யார் இருக்கிறார்கள் சிரிக்க, கௌஸ் முகைதீன் ஒருத்தர்தான், அவர் எப்படியும் எதற்கும் சிரிப்பவர்.

கௌஸ் முகைதீன் தொண்டிக்காரர், இங்கே அரபு நாட்டில், புஜைராவில், ஒரு அரபியின் படகை ஓட்டுகிறார், வெள்ளிக்கிழமை காலையில் அரபி தூங்குகிற நேரம் படகு இவர்களுக்கு. பின்னால் இஞ்சினைச் சாய்த்துப் போட்டுவிட்டு, பிளாஸ்கைத் திறந்து பால் விடாத சுலைமானி டீ ஊற்றிக்கொண்டிருந்தார். "சிஸ்டர், பெரியவர் இம்புட்டு நேரம் வாயத் தொறக்காம இருந்து நான் பாத்ததே இல்ல, இது நல்ல வைத்தியமா இருக்கே" என்றார். அப்பா கண்ணைத் திறக்காமல் அவர் பக்கமாக ஒரு கையை வீசினார், போடா என்பதுபோல. டெல்சிக்கும் சிரிப்பு வந்தது, உடனே அடங்கியும் போனது. நேற்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவர் சொன்னது இன்னும் காதில் கிடந்தது. "நாளைக்கும் ஒண்ணும் ஆவலன்னா டிக்கெட்டப் போட்டுரு மக்ளே. ஊர்ல போயி கட்டில்ல கெடக்கேன். கெடக்கதுக்கு இங்க என்னத்துக்கு?" அவர் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. அம்மா போன பிறகு தம்பி ஜெனின் அவரைப் படகில் ஏற்றவில்லை, 'மீன் கடிக்கதே தெரியல, அப்பா வீட்ல இரிங்க, மானம் போவுது' என்று சொல்லியிருக்கிறான், அவர் ஆறு மாசம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், குளிக்கவில்லை, கோயிலுக்குப் போகவில்லை, அதைக் கேட்டுத்தானே இவள் இங்கே அழைத்து வந்தாள். மறுபடி அந்தக் கட்டிலா? போனால் திரும்பி வரமாட்டார், அது அவளுக்குத் தெரியும், நர்சாக இல்லாவிட்டாலும் தெரியும்.

இங்கே வந்ததும் நன்றாகத்தானே இருந்தார், கௌஸோடு போனார், வந்தார், அரபிக்காரன் ஹமூர் என்று கொண்டாடுகிற மீனை நம்ம ஊரில் களவா என்று சொன்னால் ஆள் திரும்பிப் பார்க்கமாட்டான் என்று இவள் புருஷன் டெனிஷிடம் மணிக்கணக்காக வாதாடினார்... ஆனால் மீன் வரவில்லை. இரை மட்டும் போய்க்கொண்டே இருந்தது. கீழே எல்லாம் வந்து சாவகாசமாகத் தின்றுவிட்டுப் போயின, அவர் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒருநாள் ஏதோ பெரியது இழுத்து ஓடியதில் தங்கூசி ஆள்காட்டி விரலை அறுத்துக்கொண்டு போய்விட்டது, அவருக்கு அதுவும் தெரியவில்லை. பலகையில் ரத்தத்தைப் பார்த்து, 'பெரியவரே, மீன் எங்க?' என்று கௌஸ் கேட்டாராம், மீனின் ரத்தம் என்று நினைத்து. சர்க்கரைக்காரனின் புண், அது ஆற எத்தனை நாள் இவள் கட்டுப் போட்டாள், வார்டில் விரல் எடுத்தவர்களையும் கால் எடுத்தவர்களையும் பார்த்துவிட்டு வந்து வீட்டில் அந்த விரலின் கட்டை அவிழ்க்கும்போதெல்லாம் முதலில் கறுத்திருக்கிறதா என்று பார்ப்பாள். இனிமேல் கடலுக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டெனிஷ் அதைத்தான் சொன்னான். நல்ல மகள் என்றால் அதைத்தான் சொல்வாள், இல்லையா? ஆனால் அவள் மனசு வேறு எங்கேயோ போனது, வேண்டுமா வேண்டாமா என்று போகவில்லை, உடம்பில் எங்கே உணர்ச்சி மிச்சம் இருக்கிறது என்று போனது.

கிளினிக்கில் ஒரு நைலான் நரம்பு வைத்திருப்பார்கள், காலில் அழுத்தி அது வளைகிறவரை பிடித்து, தெரிகிறதா என்று கேட்பார்கள், இத்தனை வருஷம் கேட்டிருக்கிறாள், அது அப்பாவின் பெட்டியில் கிடக்கிற தங்கூசியேதான் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. தோன்றிய அன்றைக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்து, அவரைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, "கண்ண மூடுங்கப்பா, தொட்டா சொல்லுங்க" என்றாள். விரல்நுனி... இல்லை. உள்ளங்கை... இல்லை. முழங்கைக்கு உள்பக்கம் வந்ததும் "ஆங்" என்றார். கழுத்து, காது, கன்னம், உதடு, எல்லாம் ஆங், ஆங். அதில் ஒரு சந்தோஷம், சின்னப் பிள்ளைக்குப் பொம்மையின் வயிற்றைப் பிரித்துப் பார்க்கக் கிடைத்த மாதிரி. ஆனால் நடுவில் ஒன்று நடந்தது. மறுபடி விரலுக்கு வந்தாள், நரம்பை அந்தரத்தில் பிடித்தபடி சும்மா இருந்தாள், தொடவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டே "ஆங், தெரியுது" என்றார். இன்னொரு தடவை சும்மா இருந்தாள். "தெரியுது மக்ளே." வார்டிலும் இப்படிச் சொல்கிறவர்கள் உண்டு, அவர்களை அவள் தட்டிக்கேட்டதில்லை, இவரையும் கேட்கவில்லை, எழுந்து போய்ச் சோற்றை இறக்கினாள். அன்றிலிருந்து அவர் ஆங் என்று சொன்ன எதையும் நம்ப முடியவில்லை. முழங்கைக்கு மேல் துணி சுற்றித் தங்கூசியைக் கட்டிப் பார்த்தது போன வாரம், காற்றடித்தாலும் ஆங், அலை தட்டினாலும் ஆங், பொய்யா மெய்யா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். அதனால்தான் இந்த நூல். பெரியது இழுத்தால் நூல் அறுந்துபோகும், உதட்டுக்குச் சேதம் இல்லை, வாயில் நூல் இருந்தால் ஆங் என்று சொல்லவும் முடியாது, கையைத் தூக்கவேண்டும். கெட்டிக்காரி என்று தன்னையே மெச்சிக்கொண்டாள், காலையில். இப்போது வெயில் ஏறிவிட்டது, தூரத்தில் எண்ணெய்க் கப்பல்கள் நின்ற இடத்திலேயே நின்றன, அவர் கை தூக்கவில்லை.

கேட்கவேண்டும் என்று எத்தனை இருக்கிறது, அவர் பேசமுடியாத நேரம் பார்த்துத்தான் எல்லாம் வருகிறது. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள் உயிரோடு இருக்கிற மீனை எப்போது பார்த்தாள்? பொம்பளப் பிள்ளைகளைப் படகில் ஏற்றமாட்டார்கள், அவள் பார்த்தது எல்லாம் மணலில் கிடக்கிற மீன், சட்டியில் கிடக்கிற மீன். அப்பா கடலுக்குள் போய் என்ன செய்கிறார் என்பது அவளுக்கு இந்த வருஷம்வரை கதைதான். சின்னதில் கேட்டிருக்கிறாள், கீழே மீன் வந்தது எப்படித் தெரியும் என்று, அவர் அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வலையை உதறப் போய்விட்டார். தெரியாமலே நர்சாகி, தெரியாமலே கல்யாணமாகி, ஊசி போட அடுத்தவன் நரம்பைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கிறவள் ஆனாள், அப்பாவின் தொழில் மட்டும் தெரியாது... பாவம், உதடு காய்ந்து வெடித்திருக்கிறது, இவ்வளவு நேரம் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே, உப்புக்காற்றில் நூல் ஊறி அவருக்கு ஒன்றுமே தெரியாமல் போயிருக்குமோ, இல்லை தெரியாததை மறைக்கத்தான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாரோ? கரைக்குப் போனதும் டிக்கெட் என்பார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கை தூக்கினால் போதும், கீழே ஒன்றும் இல்லாவிட்டால் தப்பிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், தப்பிப்போகாத மீன் எந்த ஊரில் இருக்கிறது? அவள் கௌஸைப் பார்த்தாள், அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார். உறை போட்ட கையை விளிம்புக்குக் கீழே விட்டு, தங்கூசியைப் பிடித்து, மீன் கடித்த மாதிரி ஒரு சின்னச் சுண்டு சுண்டி விட்டாள்.

அப்பாவின் கண் திறக்கவில்லை. கை எழும்பியது, ஆனால் மேலே போகவில்லை, வாய்க்குப் போனது, மரத்த இரண்டு விரலால் தட்டுத்தடுமாறி நூலை எடுத்தார். "மக்ளே, கைய எடு."

"என்னப்பா?"

"அது நீ. மீனு இவ்வளவு மருவாதியாவா இழுக்கும்?"

கௌஸுக்கு டீ புரைக்கேறியது. டெல்சிக்கு முகமெல்லாம் சுட்டது, வெட்கமா, கோபமா, சிரிப்பா, என்ன எழவு என்று அவளுக்கே தெரியவில்லை, அவர் நூலை மறுபடி உதட்டில் வைத்துக்கொண்டு ஒன்றுமே நடக்காத மாதிரி கண்ணை மூடிவிட்டார். ஐயோ, தெரிகிறதே! தெரிகிறது மட்டுமா, ஆள் பார்த்துத் தெரிகிறது, அலை வேறு, காற்று வேறு, மகள் வேறு என்று பிரித்து வைத்திருக்கிறார் மனுஷன், அப்படியானால் இவ்வளவு நேரம் கை தூக்காதது கீழே ஒன்றும் வராததால்தான், வேறு ஒன்றும் இல்லை, இவள்தான் அவரை நோயாளி ஆக்கி, அவர் பொய்யை எண்ணி வைத்து... அன்றைக்கு மேசையில் தொடாமலே தெரியுது என்று எதற்குச் சொன்னார்? டூட்டி முடிந்து வந்து நின்றவளைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றா? தனக்கே சொல்லிக்கொண்டதா? கேட்டால், பேசமுடியாது என்று வாயிலிருக்கிற நூலைக் காட்டுவார். சந்தோஷத்தில் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது, வெயிலைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பியபோது அவர் கை உயர்ந்திருந்தது.

தங்கூசி அசையவே இல்லை, தண்ணீரில் நேராக நின்றது, கௌஸ்கூட எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அப்பாவின் கை அப்படியே நின்றது, பொறு, பொறு என்கிற மாதிரி லேசாக ஆடியது. நெற்றியில் ஒரு கோடு விழுந்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை, அவர் எங்கேயோ கீழே போய்விட்ட மாதிரி, அந்தச் சாளைத் துண்டுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரி ஒரு முகம், இந்த முகத்தை அவள் இதுவரை பார்த்ததில்லை, கடலில் மட்டும் போட்டுக்கொள்கிற முகம் போலிருக்கிறது. பிறகு கை சட்டென்று விழுந்தது. அவள் இழுத்தாள்.

நூல் அறுந்தது. உள்ளங்கைக்குள் என்னவோ வந்து நின்றது, அம்மாடி, இது என்ன, கல்லில் மாட்டின மாதிரி ஒரு நிலை, உடனே அந்தக் கல்லுக்கு உயிர் வந்து திமிறியது. "வுடாதீக சிஸ்டர், வுடாதீக, யல்லா!" என்று கௌஸ் டீயைக் கடலில் வீசிவிட்டு எழுந்தார். அப்பாவின் கை இரண்டும் தானாக எழும்பித் தங்கூசிக்கு வந்தது. "அப்பா, கை!" என்று கத்தினாள், அடுப்புப் பக்கம் போகிற பிள்ளையைப் பார்த்துக் கத்துகிற மாதிரி. அவர் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். உதட்டில் அறுந்த நூலின் துண்டு ஒட்டியிருந்தது, முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது, ஜெயித்த முகமாக இருக்கும் என்று பார்த்தாள், அப்படி இல்லை.

"எப்பிடி இரிக்கி மக்ளே?"

"கனமா இருக்குப்பா!"

"அது தெரியாதா எனக்கு? எப்பிடிக் கனம்? ஒரேயடியா இழுக்குதா, தலைய வெட்டுதா? பாறைக்கு அடியில பூரப் பாக்குதா? சொல்லு, எனக்குச் சொல்லு."

வலிக்கிறதா, குத்துகிறதா, எரிகிறதா என்று நாள்முழுக்க அடுத்தவரைக் கேட்கிறவளை இதுவரை யாரும் கேட்டதில்லை, உன் கையில் என்ன தெரிகிறது என்று. கடிப்பதைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் எல்லாம் கொடுத்தாச்சு என்று நினைத்தாளே, இது இல்லாமல் போனதல்லவா அவர் ஆறு மாசம் சுவரைப் பார்த்துப் படுத்ததற்குக் காரணம், இந்தக் கனம், இந்தத் துடிப்பு, இது எந்த நூலில் ஏறும்? சொன்னால் ஏறுமா? சொல்வது போதுமா அவருக்கு? தெரியவில்லை. கௌஸ் என்னவோ கத்தினார், உறைக்குள் வியர்வை வழுக்கியது, அவள் பலகையில் காலை ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இழுக்கலப்பா, இப்ப நிக்குது... யோசிக்குது. இதா, தலைய வெட்டுது, ரெண்டு தடவ, எடப்பக்கமா. கீழ பூரப் பாக்குதுப்பா, பாறை இரிக்கும் போல, நான் விடல, விடவே இல்ல..."

கண்ணைத் திறந்து பார்த்தபோது, மடியில் கிடந்த அவருடைய விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, இல்லாத ஒன்றை இறுக்கிப் பிடித்திருந்தன. "ம்ம்" என்றார், "பெறவு?"