ஒற்றைக்கால் கேமரா

டுமீல்.

செம்பனை மரங்களிலிருந்து பறவைகள் கூட்டமாய்க் கிளம்பின. தாழ்ந்த மட்டையில் இருந்த இருவாட்சியும் எழும்பியது. பழக்கத்தில் ஹேமநாதன் கேமராவை அதன் பின்னால் திருப்பினான். விரல் பட்டனை அழுத்தியபடியே இருந்தது.

அவன் ஜொகூர் பாருவில் ஏர்கோன் பழுது பார்ப்பவன். ஞாயிறு விடிந்தால் குளுவாங் தோட்டங்களில் பறவைப் படம். நீள லென்சோடு கேமரா நாலு கிலோ. வெறும் கையில் ஆடும். மூன்று கால் ஸ்டாண்டை விரிப்பதற்குள் பறவை போய்விடும். அதனால் மோனோபாட் என்ற ஒற்றைக்கால் கம்பு. ஊன்றினால் படம் அசையாது. பறவை மிரளாதிருக்க, லென்சு முதல் கம்பு வரை பச்சைத் துணி சுற்றியிருந்தான்.

"துப்பாக்கிய கீழ வை."

ரப்பர் பூட்ஸ் போட்ட ஆள் ஒருவன் மரங்களுக்கிடையிலிருந்து வந்தான். அவன் கையிலிருந்த துப்பாக்கி ஹேமநாதனின் மார்பைப் பார்த்தது.

"அண்ணே, இது துப்பாக்கி இல்லண்ணே. கேமரா."

"எனக்கே கதை விடுறியா? கீழ வை லா."

"விட்டா விழுந்துரும்ணே. ஒரு காலுதான்."

"ஒத்தக்கால் துப்பாக்கியா? எந்தக் கடையில வாங்குன? கையத் தூக்கு."

தூக்கினான். மோனோபாட் சாய்ந்து சேற்றில் விழுந்தது.

தோட்டத்துக் காவலாளி போல. நம்மைத் திருட்டு வேட்டைக்காரன் என்று நினைத்துவிட்டார். கேமரா என்று காட்டிவிட்டால் உயிர் பிழைக்கலாம். ஹேமநாதன் மண்டியிட்டான். துணியைப் பிய்த்துப் போட்டு, திரையை அந்த ஆள் பக்கம் திருப்பினான்.

"பாருங்கண்ணே. வெறும் பறவைதான்."

ஒவ்வொன்றாய்த் தள்ளினான். மட்டையில் இருவாட்சி. எழும்பும் இருவாட்சி. அடுத்த படத்தில் ஓரமாய் ஒரு இறக்கை மட்டும். அதன் கீழே, படம் கொஞ்சமும் கலங்காமல், ரப்பர் பூட்ஸ் போட்ட ஆள் துப்பாக்கியோடு நின்றான். அவன் காலடியில் ஒரு கரடி சரிந்து கிடந்தது.

கரடியைச் சுட்டால் ஜெயில். ஹேமநாதனுக்குத் தெரியும். எதிரே நிற்பவனுக்கும் தெரியும்.

"அண்ணே, அழிச்சிடுறேன். இப்பவே அழிச்சிடுறேன்ணே."

அந்த ஆள் திரையைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தான். பிறகு துப்பாக்கியில் புதுத் தோட்டா ஒன்றைத் திணித்தான்.

"துப்பாக்கியா இருந்திருந்தா, நீயும் நம்மாளுன்னு விட்டிருப்பேன், தம்பி."