துணைக்கு ஓடுகிறவர்

முனையில் வேகத்தடை வருகிறது என்று எலக்ட்ரீஷியன் சொல்லியிருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து வலது பாதத்தில் சுருக்கென்று வலி ஏறியது. வாயைத் திறந்தால் முனகல் வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார். இருவரும் ஆளுக்கொரு நுனியாகப் பிடித்தபடி ஓடிக்கொண்டிருந்த கயிறு வெடுக்கென்று இழுத்தது. பார்வையில்லாத வக்கீல் வேகத்தடையில் கால் தடுக்கித் தார்ச்சாலையில் குப்புற விழுந்தார்.

"ஐயோ, சார்!"

"கத்தாத கரண்ட், உயிரோடதான் இருக்கேன்." வக்கீல் எழுந்து உட்கார்ந்து உள்ளங்கையை ஊதினார். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. "என் தப்புப்பா. ரொம்ப நாள் கழிச்சு உன்கூட ஓடுற குஷியில இழுத்துட்டேன். உன் காலுக்கு ஒண்ணும் ஆகலையே?"

எலக்ட்ரீஷியன் கூனிக் குறுகிப்போனார்.

ஏணியிலிருந்து விழுந்து பாத எலும்பில் கீறல் விட்டதிலிருந்து அவர் ஓடவில்லை. கட்டுப் பிரித்த டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்: முதலில் வலியில்லாமல் நடக்கப் பழகுங்கள்; பிறகு நடைக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக ஓடலாம்; வலித்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அவரும் நன்றாகத் தலையாட்டிவிட்டுத்தான் வந்தார். ஆனால் அவர் ஓடாத நாட்களில் வக்கீலை ஓடக் கூட்டிப்போனது வக்கீலின் மச்சான். ஒருநாள் காலையில் அவர்கள் இருவரும் வாய்விட்டுச் சிரித்தபடி எலக்ட்ரீஷியன் வீட்டு ஜன்னலைக் கடந்து ஓடினார்கள். பார்த்துக்கொண்டு நின்றவருக்கு வயிறு எரிந்தது. அன்றைக்கே போன் போட்டு, "டாக்டர் ஓடலாம்னுட்டாரு சார்" என்று சொல்லிவிட்டார்.

இப்போது தெருக்குழாயில் வக்கீலின் கையைக் கழுவிவிட்டார். கைக்குட்டையைச் சுற்றிக் கட்டினார். கடவுளே, இந்த மனுஷன் திட்டியாவது தொலைத்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

"சார், டாக்டர் ஓடச் சொல்லல. நடக்கத்தான் சொன்னாரு. நீங்க மச்சான்கூட சிரிச்சுக்கிட்டே போனீங்க... பொறுக்கல."

"அவன் போடுற மொக்கைக்கு சிரிக்கலைன்னா அழணும்யா." வக்கீலின் முகத்தில் சிரிப்பு நிற்கவில்லை. "ஊரெல்லாம் பொய் சொல்லட்டும், கோர்ட்ல குறுக்கு விசாரணை பண்ணிக்குவேன். ஓடும்போது உன்ன எப்படிய்யா விசாரிப்பேன்?"

எலக்ட்ரீஷியன் தலை குனிந்து நின்றார். தன் குனிந்த தலையைக்கூட அவரால் பார்க்க முடியாது என்பது பிறகுதான் உறைத்தது.

"மன்னிச்சிருங்க சார்."

வக்கீல் கையை நீட்டினார். காயம்பட்ட கையால் கயிற்றைப் பிடிக்க முடியாது. துழாவி அவர் தோளைத் தொட்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"நட. வீட்டுக்குப் போகணும்ல?"

நடந்தார்கள். கைக்குட்டையின் ஈரம் சட்டைக்குள் இறங்கியது.

"சார், இடது பக்கம் பள்ளம்."

"ம்."

"படி ஒண்ணு இறங்கணும். எதிர்ல சைக்கிள் வருது, ஓரமா வாங்க."

"ம்."

பால் வாங்கப் போன பெண்மணி திரும்பிப் பார்க்குமளவுக்கு உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தவர், மருந்துக்கடை வாசலில் சற்றுத் தயங்கினார்.

"சார், கால் வலிக்குது."

தோளிலிருந்த கை லேசாக அழுந்தியது. இருவரும் நின்றார்கள்.